கால்வாய்ப் படகில் செவர்ன் கழிமுகம்

இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் ட்ரென்ட் - மெர்சி கால்வாயைத் திட்டமிட்டபோது, தண்ணீரும் பணமும் மிச்சமாகட்டும் என்று லாக்குகளை ஏழடி அகலத்துக்கு மட்டுமே கட்ட முடிவு செய்தார். இரு முனையிலும் கதவு வைத்த தொட்டிதான் லாக். படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ மேட்டுக்கு ஏற்றுவார்கள், பள்ளத்துக்கு இறக்குவார்கள். அந்தத் தொட்டிக்குள் நுழைய வேண்டிய கட்டாயமே படகின் உடம்பைத் தீர்மானித்துவிட்டது. நீளம் 70 அடி வரை போகலாம், அகலம் ஏழடியைத் தாண்டக் கூடாது. அடிப்பாகம் பலகை போலத் தட்டை. தண்ணீருக்குள் இரண்டடி இறங்கினால் அதிகம். கால்வாயில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு நான்கு மைல், கரையில் நடப்பவரின் வேகம்.

ஐரோப்பியப் படகு விதிகள் படகுகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கின்றன. ஏ வகை பெருங்கடலுக்கு. பொதுவாக நேரோபோட் கடைசி வகையில் வரும். 0.3 மீட்டர் அலை, எப்போதாவது அரை மீட்டர் அலை, அவ்வளவுதான் அது தாங்க வேண்டிய கணக்கு. இந்தப் படகில்தான் மக்கள் செவர்ன் ஆற்றின் கழிமுகத்தில் இறங்குகிறார்கள். உலகின் மிக உயர்ந்த ஓதம் ஏறி இறங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாளிலும் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். செவர்ன் ஆற்றின் வாயில், ஏவன்மவுத்தில், அது 14 மீட்டரைத் தொடும். நான்கு மாடிக் கட்டடம் மூழ்கும் உயரத்துக்குத் தண்ணீர் வந்து, ஆறு மணி நேரத்தில் வடிந்து, மறுபடி வரும்.

இதைத் துணிச்சல் விளையாட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு படகில் ஏறிப் போய்வந்த பிறகு எனக்கு அந்த எண்ணம் இல்லை. இதில் தேவைப்படுவது பொறுமையும் கணக்கும். துணிச்சல் அதிகம் உள்ளவர்கள் இந்தத் தண்ணீருக்கு வராமலிருப்பது நல்லது.

முதலில், ஏன் போக வேண்டும்? வரைபடத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். க்ளாஸ்டரிலிருந்து பிரிஸ்டலுக்குச் சாலை வழியே ஒரு மணி நேரப் பயணம். கால்வாய்ப் படகுக்கு உள்நாட்டு வழியே போக வேண்டுமென்றால் வடக்கே திரும்பி ஏறி, ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயில் இறங்கி, தேம்ஸ் நதியில் ரெடிங் வரை வந்து, அங்கிருந்து கென்னட் - ஏவன் கால்வாயில் நூறுக்கும் மேற்பட்ட லாக்குகளைக் கடக்க வேண்டும். பல வார வேலை. ஷார்ப்னஸ் துறையிலிருந்து கழிமுகம் வழியே போனால் சுமார் இருபது மைல்தான். அந்த இருபது மைல் இரண்டு கால்வாய் உலகங்களைச் சேர்த்து வைக்கிறது.

என்னை ஏற்றிக்கொண்டவர்கள் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தம்பதி. வீட்டை விற்றுவிட்டு 57 அடி நேரோபோட்டில் குடியேறியவர்கள். அந்த நீளத்துக்கும் காரணம் உண்டு. யார்க்‌ஷர் பக்கத்தில் சில லாக்குகள் குட்டையானவை. 57 அடியைத் தாண்டினால் அங்கே போக முடியாது என்பதால், நாடு முழுவதும் சுற்ற நினைப்பவர்கள் அந்த அளவையே வாங்குகிறார்கள். எஃகுப் படகு, எடை பதினைந்து டன்னுக்கு மேல். உள்ளே விறகடுப்பு, புத்தக அலமாரி, கட்டில். கூரைமேல் புதினாவும் ஜெரேனியமும் வளர்க்கும் தொட்டிகள்.

அந்தத் தொட்டிகள்தான் முதலில் இறங்கின. க்ளாஸ்டர் துறையில் படகைக் கட்டியதும் ஆயத்தம் தொடங்கியது. கூரையில் இருந்த சைக்கிள், விறகு மூட்டை, புகைபோக்கி எல்லாம் உள்ளே போயின. பீங்கான் தட்டுகள் துண்டில் சுற்றப்பட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தன. கண்ணுக்குத் தெரியும் வேலைகள் இவை. உயிரைக் காப்பவை வேறு.

நேரோபோட்டின் முன்பக்கத்தில், அணியத்துக்குப் பின்னால், இரண்டு பேர் உட்காரும் சிறு தாழ்வாரம் இருக்கும். அங்கே விழும் மழைநீர் வெளியேற இரு பக்கமும் ஓட்டைகள். நீர்மட்டத்துக்கு மேலே சில அங்குல உயரத்தில்தான் அவை இருக்கின்றன. கால்வாயில் வெளியே போகும் தண்ணீர், அலையில் அதே வழியாக உள்ளே வரும். அவற்றைக் கட்டையும் மெழுகுத் துணியும் வைத்து அடைத்தோம். முன்கதவின் இடுக்குகளை ஒட்டுநாடாவால் மூடி, மேலே ஒரு பலகையைத் திருகினோம். பின்பக்கத்தில் இன்னொரு வாசல் உண்டு. சுழலியில் பாசியோ கந்தலோ கயிறோ சிக்கினால் கையை விட்டு எடுப்பதற்கென்று அதன் நேர்மேலே ஒரு மூடி. அந்த மூடி சரியாக இறுகாவிட்டால், முழு வேகத்தில் சுழலி கிளப்பும் தண்ணீர் என்ஜின் அறைக்குள் கொட்டும். கால்வாயிலேயே படகுகள் மூழ்கும் காரணங்களில் ஒன்று அது. படகின் சொந்தக்காரரான நண்பர் அந்த மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, இறுக்கி, விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

பிறகு டீசல். நாலு மைல் வேகத்தில் ஆடாமல் அசையாமல் போகும் படகின் எரிபொருள் தொட்டியில், அடியில் தண்ணீரும் கசடும் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கிடக்கும். அலையில் தொட்டி குலுங்கியதும் அந்தக் கசடெல்லாம் கலங்கி வடிகட்டியை அடைக்கும், என்ஜின் நிற்கும். என்ஜின் ஒருபோதும் நிற்கக் கூடாத இடத்தில்தான் இது நடக்கும். ஆகவே தொட்டியின் அடியை உறிஞ்சி எடுத்தோம், வடிகட்டிகளைப் புதிதாக மாட்டினோம், மாற்று வடிகட்டிகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம்.

சூடும் ஒரு பிரச்சினை. இந்தப் படகுகளின் என்ஜின் பெரும்பாலும் வெளித் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்வதில்லை. படகின் பக்கத் தகட்டோடு பற்றவைத்த தட்டையான தொட்டி ஒன்று உண்டு. என்ஜினைச் சுற்றிய வெந்நீர் அதற்குள் ஓடி, தகட்டுக்கு வெளியே இருக்கும் கால்வாய் நீரிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். கால்வாய் வேகத்துக்கு இது போதும். மூன்று மணி நேரம் முழு விசையில் ஓட்டினால் போதுமா என்பது ஒவ்வொரு படகுக்கும் வேறுபடும். உஸ்டரிலிருந்து க்ளாஸ்டர் வரும் ஆற்றுப் பகுதியில் நண்பர் வேண்டுமென்றே நெடுநேரம் விசையைக் கூட்டி ஓட்டி, வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். ஆசிரியர் கையெழுத்தில் அழகான அட்டவணை.

க்ளாஸ்டர் - ஷார்ப்னஸ் கால்வாய் 1827இல் திறக்கப்பட்டது. நீளம் 16 மைல். திறந்த காலத்தில் உலகிலேயே அகலமும் ஆழமும் மிகுந்த கால்வாய் என்று பெயர் பெற்றிருந்தது. பக்கத்திலேயே செவர்ன் ஆறு ஓடும்போது எதற்கு இவ்வளவு பெரிய கால்வாய்? அந்த ஆற்றுக்குப் பயந்துதான். க்ளாஸ்டருக்குக் கீழே செவர்ன் வளைந்து வளைந்து ஓடுகிறது. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய ஓத நாட்களில் கடல்நீர் ஒரே அலையாக எழுந்து ஆற்றோட்டத்துக்கு எதிராக மேலேறி வரும். செவர்ன் போர் என்று அழைக்கப்படும் அந்த அலை இரண்டு மீட்டர் உயரம் வரை எழுவதுண்டு. 1955இல் ஜாக் சர்ச்சில் என்ற படைவீரர் அதன்மேல் பலகை போட்டுச் சவாரி செய்தார். இன்றும் அதற்கென்றே கூட்டம் வருகிறது. சரக்குக் கப்பல்களுக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை.

இரு முனைகளைத் தவிரக் கால்வாயில் லாக்கே இல்லை, நகரும் பாலங்கள்தான். பாலக் காவலருக்காக அந்தக் காலத்தில் கட்டிய சிறிய வீடுகளின் முகப்பில் கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்கள். ஸ்லிம்பிரிட்ஜ் அருகே பீட்டர் ஸ்காட் 1946இல் தொடங்கிய நீர்ப்பறவைக் காப்பகம். பிரிஸ்டல் நகரத்துக் குடிநீரில் கணிசமான பங்கு இந்தக் கால்வாயிலிருந்தே போகிறது. நாங்கள் போக நினைத்த ஊருக்கு இந்தத் தண்ணீர் குழாய் வழியே முன்பே போய்க்கொண்டிருந்தது.

பர்ட்டனில் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய கரை மட்டும். 1909இல் அது சரிந்தது. கரையைக் காப்பாற்ற, பயன்முடிந்த படகுகளைப் பெரிய ஓதத்தில் இழுத்து வந்து கரைமேல் மோதவிட்டு, அடியில் துளையிட்டுச் சேற்றை நிரப்பினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த அந்த வேலையின் மிச்சமாக 80க்கும் மேற்பட்ட கலங்கள் புல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன. சிலவற்றின் சுக்கான் கட்டை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உலகப் போர்க்காலத்தில் எஃகுத் தட்டுப்பாட்டால் கான்கிரீட்டில் வார்த்த படகுகளும் அவற்றில் உண்டு. நான் அங்கே நெடுநேரம் நடந்தேன். இந்த ஆற்றோடு வாழ்ந்தவர்கள் அதைப் புரிந்துகொண்ட விதம் அந்தப் புல்வெளியில் தெரிகிறது. படகைக் கொடுத்துக் கரையைக் காத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு வட்டக் கல்கோபுரம் தனியாக நிற்கிறது. 1879இல் திறந்த செவர்ன் ரயில் பாலத்தின் மிச்சம் அது. 1960 அக்டோபர் 25ஆம் தேதி இரவு, கடும் மூடுபனியில், எண்ணெயும் பெட்ரோலும் ஏற்றிய ஆர்க்கன்டேல், வாஸ்ட்டேல் என்ற இரண்டு படகுகள் ஷார்ப்னஸ் துறைவாயைத் தவறவிட்டன. ஏறிவந்த ஓதம் அவற்றைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாலத்தின் தூணில் மோதியது. தூண் விழுந்தது, பாலத்தின் இரண்டு கண்கள் விழுந்தன, தீப்பற்றியது. எட்டு மாலுமிகளில் ஐவர் இறந்தார்கள். பாலம் திரும்பக் கட்டப்படவே இல்லை. தண்ணீர் வடிந்தால் அந்தப் படகுகளின் எலும்புக்கூடுகள் இன்றும் சேற்றில் தெரியும். அவர்கள் இந்த ஆற்றை நன்றாக அறிந்த தொழில்முறை மாலுமிகள் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது.

ஷார்ப்னஸில் எங்களைக் காக்கவைத்தது காற்று. போஃபர்ட் அளவில் நான்கு, தென்மேற்கிலிருந்து. கரையில் நின்றால் சட்டைக்குள் புகுந்து விளையாடும் காற்று, அவ்வளவுதான். ஆனால் கழிமுகம் தென்மேற்காகத்தான் விரிகிறது. வடியும் ஓதமும் அந்தத் திசையில்தான் ஓடும். ஓட்டம் ஒரு பக்கம் போக, காற்று எதிரே வந்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். கடல் படகுக்கு அது குலுக்கல். கீல் இல்லாத, தாழ்ந்த முன்தாழ்வாரம் கொண்ட நேரோபோட்டுக்கு அது ஆபத்து. எங்களுக்கு வழிகாட்ட வரவிருந்த பைலட் தொலைபேசியில் இரண்டே சொல் சொன்னார்: "இன்று வேண்டாம்."

செவர்ன் கழிமுகத்தில் நேரோபோட்டுகள் பைலட் வைத்துக்கொண்டு போவதே வழக்கம். ஷார்ப்னஸுக்கு வரும் சரக்குக் கப்பல்களுக்கு வழிகாட்டும் அதே ஆட்கள்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தக் குட்டிப் படகுகளுக்கும் வருகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் இதைக் கட்டாயமாக்குகின்றன. உள்நாட்டு நீருக்கென்று எழுதிய காப்பீடு ஓத நீரில் தானாகச் செல்லாது. முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

காத்திருந்த நாட்களில் பக்கத்துப் படகுக்காரர்கள் தேநீருக்கு வந்தார்கள். ஓத நீரில் போய்வந்த கதைகள் எல்லோரிடமும் இருந்தன. அதிகம் பேசப்பட்டது லண்டன். லைம்ஹவுஸ் லாக்கிலிருந்து தேம்ஸில் இறங்கி, ஏறும் ஓதத்தோடு டவர் பிரிட்ஜ், வெஸ்ட்மின்ஸ்டர் எல்லாம் கடந்து பிரென்ட்ஃபோர்டுக்கோ டெடிங்டனுக்கோ போகும் பாதை. டெடிங்டன் லாக்கோடு ஓதத்தின் ஆட்சி முடிகிறது. லண்டனில் அலை காற்றால் எழுவதைவிட மனிதர்களால் எழுவதே அதிகம். வேகப் பயணப் படகுகள் கிளப்பும் அலை, கல்சுவர்களில் மோதித் திரும்பி, எல்லாப் பக்கமிருந்தும் வரும். 45 அடிக்கு மேல் நீளமுள்ள படகுகள் வி.எச்.எஃப். வானொலி வைத்திருக்க வேண்டும் என்பது லண்டன் துறைமுக ஆணையத்தின் விதி. 1989 ஆகஸ்டில் மார்ஷியோனஸ் என்ற உல்லாசப் படகு மணல் அள்ளும் கப்பலோடு மோதி 51 பேர் இறந்தது இந்த ஆற்றில்தான். அதன் விளைவாகவே 2002 முதல் தேம்ஸ் கரையில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் இயங்குகின்றன.

வடக்கே, லேங்காஸ்டர் கால்வாய் இருநூறு ஆண்டுகள் மற்றக் கால்வாய்களோடு சேராமல் தனித்தே கிடந்தது. 2002இல் ரிபிள் இணைப்பு திறந்த பிறகு, ஓதம் ஏறும் ரிபிள் ஆற்றை நேரோபோட்டுகள் கடந்து அங்கே போகின்றன. எப்போது வேண்டுமானாலும் போய்விட முடியாது. ஓதம் ஒத்துவரும் சில நாட்களில் மட்டும், முன்பதிவு செய்து, கூட்டமாகப் போக வேண்டும். இன்னும் துணிந்தவர்களும் இருக்கிறார்கள். டெர்ரி டார்லிங்டன் என்பவரும் அவர் மனைவியும் தங்கள் நாயோடு நேரோபோட்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸின் தெற்கு வரை போனார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய நூல் 2005இல் வெளிவந்து பெரிதாக விற்றது. அதைப் படித்துவிட்டுப் படகை அவிழ்க்க நினைப்பவர்கள், அவர்களும் நல்ல வானிலைக்கும் துணைக்கும் காத்திருந்தே கடந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

காற்று ஒருவழியாக வடகிழக்குக்குத் திரும்பி மெலிந்தது. நிலவும் எங்களுக்குச் சாதகமாக அஷ்டமியை நெருங்கியிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி அதில் பாதியளவுக்குக் குறையும், ஓட்டமும் தணியும். நேரோபோட்டுகளுக்கு அந்த நாட்களே ஏற்றவை.

பைலட் ஒரு சிறு பையோடு வந்தார். படகுக்குள் வந்ததும் காபி கேட்கவில்லை. என்ஜின் மூடியைத் திறக்கச் சொன்னார். பின்பக்க மூடியைத் தானே இறுக்கிப் பார்த்தார். நங்கூரம் எங்கே, சங்கிலி எவ்வளவு, கயிறு எவ்வளவு, அந்தக் கயிற்றின் மறுமுனை எதில் கட்டியிருக்கிறது என்று கேட்டார். நங்கூரம் அணியத்தில், எடுத்துப் போட ஆயத்தமாகக் கிடந்தது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டோம்.

"என்ஜின் நின்றால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று நண்பரிடம் கேட்டார்.

"திறந்து பார்ப்பேன்."

"முதலில் நங்கூரம். படகு நின்ற பிறகு திறந்து பாருங்கள்."

பிறகு எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார். "இந்தக் கதவு திறந்து வெளியே போனால் போர்ட்டிஸ்ஹெட் வரை நிற்க இடமில்லை. திரும்பி வரவும் முடியாது. இந்த என்ஜினால் இந்த ஓட்டத்தை எதிர்த்து ஏற முடியாது. யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்."

நண்பரின் மனைவி கணவரைப் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். இந்தப் பயணத்தில் மனிதன் எடுக்கும் முடிவு அந்த லாக்குக்குள்ளேயே எடுக்கப்படுகிறது. அதற்கப்புறம் நேரத்தைத் தண்ணீர் தீர்மானிக்கும்.

உச்ச ஓதத்துக்குச் சற்று முன்பு வெளிக்கதவு திறந்தது. கால்வாய்க்குப் பழகிய கண்ணுக்கு அந்த அகலம் ஏற்றுக்கொள்ள முடியாததாக இருந்தது. எதிர்க்கரையில் லிட்னி ஊர் ஒரு மைலுக்கும் அப்பால். தண்ணீர் பால் அதிகம் விட்ட தேநீர் நிறத்தில், வண்டல் சுமந்து, அசைவே இல்லாததுபோல் நின்றது. இந்த நிலை சில நிமிடங்கள்தான். துறைவாயைத் தாண்டியதும் படகின் பின்பக்கத்தை ஏதோ பற்றி இழுத்தது. நண்பர் சுக்கானை இரு கையாலும் பிடித்தார்.

பைலட் ஓட்டவில்லை. பக்கத்தில் நின்று குறி மட்டும் சொன்னார். கரையில் இரண்டு விளக்குக் கம்பங்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் ஆழமான வழியில் இருக்கிறோம். ஒன்று விலகினால் நாமும் விலகிவிட்டோம். நம் மீனவர்கள் கோயில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் ஒரே நேரில் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கிறார்களே, அதே கலைதான். ஒரு கோட்டில் போய், அடுத்த கோட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து இன்னொன்றுக்கு. பெர்க்லி, ஓல்ட்பரி என்று மூடப்பட்ட இரண்டு அணுமின் நிலையங்கள் இடக்கரையில் வந்து போயின. ஓல்ட்பரிக்கு எதிரே ஆற்றுக்குள்ளேயே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்திலும் உலைக்குக் குளிர்நீர் கிடைக்கக் கட்டியது. உயர்ந்த ஓதத்தில் அதன் சுவர் மூழ்கிவிடும். பார்த்தால் வெறும் தண்ணீர். பைலட் விரலை நீட்டி, "அங்கே சுவர்" என்றார். இருபதாயிரம் பவுண்டு கருவி வைத்திருந்தாலும் இந்த ஒரு விரலுக்கு ஈடாகாது என்று எனக்குத் தோன்றியது.

தட்டை அடியைக் குறையாகப் பேசுபவர்கள் செவர்ன் ஆற்றின் பழைய சரக்குப் படகுகளைப் பார்க்க வேண்டும். ட்ரௌ என்று பெயர். பாய்மரம் கட்டிய அந்தப் படகுகளின் அடியும் தட்டைதான். தண்ணீர் வற்றி மணல்திட்டில் உட்கார நேர்ந்தால் சாயாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். நூற்றாண்டுகளாக அவை இந்த நீரில் ஓடின. 1894இல் கட்டிய ஸ்ப்ரை என்ற ட்ரௌ ஒன்று ஷ்ராப்‌ஷர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரோபோட்டின் உண்மையான பலவீனம் அதன் மெலிந்த அகலமும், நீர்மட்டத்துக்குத் தாழ்வாக இருக்கும் திறப்புகளும். பக்கத்திலிருந்து அலை வந்தால் அது அதிகம் உருளும். ஆகவே அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் சாய்வாக வாங்கும்படி பைலட் அவ்வப்போது சொன்னார்.

ஓட்டம் முழு பலத்துக்கு வந்தது. படகின் சொந்த வேகம் ஐந்து மைல்தான். ஜி.பி.எஸ். கருவி பத்தைக் காட்டியது. ஸ்லைம் ரோடு என்று பெயர்கொண்ட பகுதியில் வலக்கரைப் பாறைகளை ஒட்டிப் போனோம். வை ஆறு வந்து கலக்கும் பீச்லி முனையில் தண்ணீர் கொதிப்பதுபோல் வட்டமிட்டது. அந்தச் சுழிகள் ஒவ்வொன்றும் அணியத்தை ஒரு பக்கம் தள்ளும், நண்பர் திருத்துவார், அடுத்தது மறுபக்கம் தள்ளும். தலைக்கு மேலே 1966இல் திறந்த செவர்ன் பாலம். அதன் நடுக்கண் மட்டும் 988 மீட்டர். மேலே லாரிகள் போகும் ஓசை எங்கள் என்ஜினையும் தாண்டிக் கேட்டது.

அடுத்த பாலம் 1996இல் கட்டியது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் நடுவே தண்ணீர் ஷூட்ஸ் என்ற குறுகிய ஆழமான பாறை வாய்க்கால் வழியாகப் பாய்கிறது. இருபுறமும் வற்றினால் வெளியே வரும் பாறைத் தளங்கள். கழிமுகம் முழுவதும் வடிய வேண்டிய தண்ணீர் இந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. பெரிய ஓதத்தில் எட்டு நாட் வேகம் வரை போகும் என்றார் பைலட். அவர் எங்களுக்குச் சிறிய ஓதத்தைத் தேர்ந்தெடுத்ததன் பயன் இங்கேதான் தெரிந்தது. படகு குலுங்கியது, உள்ளே ஏதோ உருண்டது, வெப்பமானியின் முள் நண்பரின் அட்டவணை சொன்ன இடத்திலேயே நின்றது. இந்த வாய்க்காலுக்கும் அடியில், பாறைக்குள், 1886இல் திறந்த ஏழு கிலோமீட்டர் ரயில் சுரங்கம் போகிறது. அதை வெட்டியபோது பாறைக்குள்ளிருந்து பீறிட்ட ஊற்றை இன்றும் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் மூழ்கிவிடும்.

ஷூட்ஸைத் தாண்டினால் கழிமுகம் கடலாகிவிடுகிறது. ஏவன்மவுத்துக்கும் போர்ட்பரிக்கும் வரும் கார் ஏற்றும் கப்பல்கள் அங்கே நிற்கும், ஒவ்வொன்றும் அடுக்குமாடிக் குடியிருப்பின் அளவு. பைலட் வானொலியில் பிரிஸ்டல் துறைமுகக் கட்டுப்பாட்டுக்கு நாங்கள் யார், எங்கே, எங்கே போகிறோம் என்று சொன்னார். மறுமுனைக் குரல் ஒரு பெருங்கப்பலுக்குப் பேசும் அதே மரியாதையோடு பதில் சொன்னது. எனக்கு அது பிடித்திருந்தது.

போர்ட்டிஸ்ஹெட் துறைவாய்க்குள் நுழைவதுதான் கடைசித் தேர்வு. ஓட்டம் துறைவாயைக் குறுக்காகக் கடந்து போகிறது. நேராகக் குறிபார்த்தால் தாண்டிப் போய்விடுவோம், தாண்டினால் அடுத்தது திறந்த கடல். ஆகவே படகைத் திருப்பி, ஓட்டத்துக்கு எதிராக முழு விசையும் கொடுத்து, பக்கவாட்டில் நழுவி நழுவி வாயை அடைய வேண்டும். சில நிமிடங்கள் படகு முன்னேறுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு சுவரின் நிழலில் ஓட்டம் அறுந்தது. ஒரு காலத்தில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறங்கிய துறை அது, இப்போது சுற்றிலும் குடியிருப்புகள். லாக் எங்களை ஏற்றி அமைதியான தண்ணீரில் விட்டது. ஷார்ப்னஸிலிருந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பைலட் இப்போதுதான் காபி கேட்டார்.

மறுநாள் ஏறும் ஓதத்தோடு ஏவன் ஆற்றில் நுழைந்தோம். பிரிஸ்டல் பைலட்டுகள் தலைமுறைகளாக வாழ்ந்த பில் என்ற ஊர், அதன்பின் குதிரைலாட வளைவு, இருபுறமும் பளபளக்கும் சேற்றுச் சரிவு. ஓதம் வற்றினால் இந்த ஆறு ஓடையாகிவிடும். முன்பு பிரிஸ்டல் துறையில் கப்பல்கள் நாளுக்கு இருமுறை சேற்றில் உட்கார்ந்தன. வில்லியம் ஜெஸ்ஸப் ஆற்றையே அடைத்து, மட்டம் மாறாத துறையாக 1809இல் மாற்றிக் கொடுத்தார். கிளிஃப்டன் தொங்குபாலம், பிரூனெல் வரைந்து அவர் இறந்த பின் 1864இல் முடிந்தது, 75 மீட்டர் உயரத்தில் தலைக்குமேல் கடந்தது. லாக்குக்குள் நுழைந்ததும் ஓதம் பின்னால் நின்றுவிட்டது.

இங்கிருந்து பாத், டிவைஸஸ் வழியாக ரெடிங் வரை கென்னட் - ஏவன் கால்வாய். 1810இல் முடிந்து, பின் பாழாகி, தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் போராடி மீட்டு, 1990இல் எலிசபெத் அரசி மறுபடி திறந்துவைத்தது. டிவைஸஸில் 29 லாக்குகள் ஏறித்தான் போக வேண்டும். நண்பர்கள் அந்த வழியே போனார்கள். நான் பிரிஸ்டலில் இறங்கிக்கொண்டேன்.

நேரோபோட் கழிமுகத்துக்கு ஏற்ற படகா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். சிறிய ஓதம், மெலிந்த காற்று, சுத்தமான டீசல், ஆயத்தமான நங்கூரம், பக்கத்தில் பைலட் என்று ஐந்தும் கூடிய நாளில் அது பாதுகாப்பாகப் போய்ச் சேரும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் படகைக் கட்டிவைத்துவிட வேண்டும். உல்லாசத்துக்கு வாரக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் நேரோபோட்டுகளை ஓத நீருக்குக் கொண்டுபோக அவற்றை வாடகைக்கு விடுபவர்கள் அனுமதிப்பதில்லை. அது சரியான விதி.

இங்கிலாந்து போகும் நம்மவர்கள் லண்டனையும் ஏரிகளையும் பார்த்துத் திரும்புகிறார்கள். ஒரு பகலை ஷார்ப்னஸுக்கு ஒதுக்குங்கள். ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். கப்பலோ நேரோபோட்டோ லாக்கிலிருந்து வெளியே வரும் வாய்ப்பு அப்போதுதான். அங்கிருந்து கால்வாய்க் கரையோடு பர்ட்டன் வரை நடந்து, புல்லில் புதைந்த படகுகளையும், தண்ணீர் வடிந்த பின் வெளிவரும் 1960ஆம் ஆண்டுச் சிதைவுகளையும் கரையிலிருந்தே பாருங்கள். வற்றிய மணலில் மட்டும் இறங்க வேண்டாம். அந்தச் சேறு காலை விடாது, ஓதம் திரும்பி வரும்போது சொல்லிவிட்டு வராது.